முதல் தவக்காலம்: சோதனையில் நிலைத்து நிற்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

திருமுழுக்குப் பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கலாம். அல்லது வரும் பாஸ்காவில், அதாவது ஈஸ்டரில், பெறுவதற்காக உபதேசம் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவராக இருந்தும், வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாமல் இருப்பதோடு தவக்காலத்தை முடித்துக்கொண்டவராக இருக்கலாம். இந்த முறை ஒழுங்காக இருந்து பார்ப்போம் என்று நினைக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கத்தோலிக்க முறையை வைத்துத்தான் சொல்கிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இதை லெந்து காலம் என்பார்கள். உணவு விதிகளை விட்டுவிட்டால் மற்றவை அவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

"இந்த வருஷம் எதை விடலாம்?" என்ற கேள்வியோடு தொடங்கினால் இரண்டாம் வாரமே சலித்துவிடும். "நான் எங்கே சறுக்குகிறேன்? யார் முன்னால் என் விசுவாசத்தை மறைக்கிறேன்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். நோன்பு, செபம், தர்மம் மூன்றும் சரியாக அந்த இடத்தில் நிற்பதற்கான பயிற்சி.

நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

உயிர்ப்புப் பெருவிழா ஆண்டுதோறும் மாறும். மார்ச் 21-லோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. அங்கிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது. 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு மார்ச் 28. 2028-ல் மார்ச் 1, ஏப்ரல் 16.

போன வருடக் குருத்தோலை வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்தால், முந்தைய ஞாயிறே கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அதை எரித்துத்தான் சாம்பல் எடுப்பார்கள்.

மூன்றே மூன்று தீர்மானம், அதையும் எழுதி வையுங்கள்

சாம்பல் புதன் நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். தர்மம், இறைவேண்டல், நோன்பு என்ற வரிசையில் இயேசு பேசுவார். ஒவ்வொன்றிலும் ஒன்று எடுங்கள், போதும். முதல் தவக்காலத்திலேயே ஏழெட்டுத் தீர்மானம் எடுப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கைவிடுகிறார்கள்.

தீர்மானம் துல்லியமாக இருக்க வேண்டும். "நிறைய செபிப்பேன்" என்று எழுதினால், செய்தோமா இல்லையா என்பதே தெரியாது. "காலையில் போனைத் தொடுவதற்கு முன் அன்றைய நற்செய்தியை ஒருமுறை வாசிப்பேன்" என்று எழுதினால் ராத்திரி நம்மையே கேட்டுக்கொள்ளலாம். நோன்பு, நம்மை உண்மையில் பிடித்து வைத்திருக்கிற ஒன்றைத் தொட வேண்டும். இனிப்பே பிடிக்காதவர் இனிப்பை விட்டு என்ன பயன்? நாக்கு கூர்மையான ஆளுக்கு, வீட்டில் குரல் உயர்த்தாமல் இருப்பது கறியை விடுவதைவிடக் கடினமான நோன்பு. நோன்பினால் மிச்சமாகும் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அது யாருக்கு என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தெரிந்த ஓர் ஏழைக் குடும்பமாகவும் இருக்கலாம், தவக்காலத்தில் பங்குகளில் திருச்சபையின் சமூகப் பணி அமைப்பான காரித்தாஸ் இந்தியாவுக்காக எடுக்கும் காணிக்கையாகவும் இருக்கலாம்.

குடிப்பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் நாற்பது நாளும் தொடாமல் இருந்துவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு மதியமே பாட்டிலைத் திறப்பவர்கள் உண்டு. நாற்பது நாள் முடிந்தது என்றால் அதற்குமேலும் முடியும் என்றுதானே பொருள்? அதை யோசித்துப் பாருங்கள். ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாம்பல் புதன் அன்று

வரிசையில் போய் நின்றால், குருவானவர் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைவார். மனம் மாறி நற்செய்தியை நம்பச் சொல்லும் வார்த்தையையோ, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்ற வார்த்தையையோ சொல்வார். திருமுழுக்குப் பெறாதவர்களும் சாம்பல் பூசிக்கொள்ளலாம். நற்கருணைதான் அவர்களுக்கு இன்னும் இல்லை. அன்றிலிருந்து திருப்பலியில் குருவானவருக்கு ஊதா உடை. 'அல்லேலூயா' பாஸ்கா வரை பாடப்படாது.

காலைத் திருப்பலி முடிந்து நேராக வேலைக்குப் போனால், சாம்பலைத் துடைப்பதா வைத்திருப்பதா என்று ஒரு தயக்கம் வரும். முகத்தைக் கழுவிக்கொள், நோன்பிருப்பதைக் காட்டிக்கொள்ளாதே என்று அன்றைய நற்செய்தியே சொல்கிறது. ஆனால் பயந்து துடைப்பதும் சரியில்லை. என் கருத்து இதுதான்: அதை அப்படியே விட்டுவிடுங்கள். தானாக உதிர்ந்தால் உதிரட்டும். யாராவது கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பேச்செடுக்க வேண்டாம். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

சாப்பாடு

சட்டம் எளிமையானது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இருவேளை கொஞ்சமாக. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை இது கடமை. அந்த இரு நாளும் தவக்கால வெள்ளிகளும் சுத்தபோசன நாட்கள், அதாவது கறி கூடாது. 14 வயது முடிந்தவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. மீனும் முட்டையும் சாப்பிடலாம். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பட்டினி கிடக்கவே வேண்டாம், வேறு ஏதாவது ஒறுத்தல் செய்யுங்கள்.

பல வீடுகளில் நாற்பது நாளும் கறியைத் தொடுவதில்லை. அது நல்ல வழக்கம்தான், ஆனால் கடமை கிடையாது. புதியவர்கள் முதல் வருடம் வெள்ளிக்கிழமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதை உறுதியாகக் கடைப்பிடிக்கலாம். மாசி, பங்குனி வெயிலில் வெளியே நின்று வேலை பார்ப்பவர்கள் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

சோதனை எப்படி வரும், எப்படிப் பதில் சொல்வது

தவக்காலத்தின் முதல் ஞாயிறு எல்லா ஆண்டும் பாலைநிலச் சோதனைதான் நற்செய்தி. அந்த வாரமே மத்தேயு 4:1-11-ஐ வீட்டில் மெதுவாக வாசியுங்கள். புதியவர்களுக்கு அதில் முதலில் கண்ணில் பட வேண்டியது, அது நடக்கும் நேரம். இயேசு திருமுழுக்குப் பெற்ற கையோடு ஆவியார் அவரைப் பாலைநிலத்துக்கு அழைத்துப் போகிறார். "ஞானஸ்நானம் எடுத்த பிறகுதான் எனக்கு இப்படியெல்லாம் எண்ணம் வருகிறது, நான் தகுதியில்லாதவனோ" என்று புதிதாக வந்தவர்கள் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். கலங்க வேண்டாம். எண்ணம் வருவது பாவமாகாது, அதற்கு இடம் கொடுத்து உட்கார வைப்பதில்தான் பாவம் தொடங்குகிறது. இயேசுவும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்று எபிரேயர் திருமுகம் 4:15 சொல்கிறது.

அடுத்து, அலகை, அதாவது சாத்தான், என்ன சொல்கிறது என்று பாருங்கள். கல்லை அப்பமாக்கச் சொல்கிறது. நாற்பது நாள் பட்டினி கிடந்தவர் சாப்பிடுவதில் என்ன தப்பு? தப்பே இல்லாததுபோல் தெரிகிறது, அதுதான் அதன் பலம். நமக்கும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. உடம்புக்குத் தேவை, குடும்பத்துக்குத் தேவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று நியாயத்தின் குரலில் பேசும். இரண்டாவது, கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்வது. இங்கே அலகை 91-ஆம் திருப்பாடலையே எடுத்துச் சொல்கிறது. வேத வசனம் தெரிந்த சோதனை இது. "கடவுள் எப்படியும் மன்னிப்பார்" என்று சொல்லிக்கொண்டே ஒரு காரியத்தில் இறங்குகிறோமே, அது இந்த ரகம். பிறர் பார்த்து மெச்ச வேண்டும் என்று பக்தி செய்வதும் இதில்தான் சேரும்.

மூன்றாவது, உலக அரசுகள் அனைத்தும் தருகிறேன், ஒருமுறை விழுந்து வணங்கு என்பது. இதைப் புரிந்துகொள்ள அருளானந்தரைப் பாருங்கள். அவர் இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர், சிறுவயதில் இளவரசர் பெட்ரோவுக்கு அரண்மனைத் தோழர். மதுரை மிஷனுக்கு வந்து, செங்காவி உடுத்தி, கறி தவிர்த்து, இந்நாட்டுத் துறவிகளைப்போல் பண்டாரசாமியாக வாழ்ந்தார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கடுமையாக வதைக்கப்பட்டார். பிறகு ஐரோப்பா போனபோது, அரசராகியிருந்த அதே பெட்ரோ தன் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடும்படி கேட்டார். அவமானமான வேலையா? இல்லை. பாவமான வேலையா? அதுவும் இல்லை. பாதுகாப்பு, கௌரவம், நல்ல காரியம் எல்லாம் அதில் இருந்தது. அவர் மறுத்துவிட்டு 1690-ல் மறுபடி கப்பலேறினார். கெட்டதாகவே தெரியாத சோதனையை வெல்ல, நம் அழைப்பு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பதில் சொல்வது எப்படி? இயேசு வாதாடவே இல்லை. மூன்று முறையும் இணைச்சட்ட நூலிலிருந்து ஒரு வரி, அவ்வளவுதான். தொடக்கநூல் 3-இல் ஏவாள் பாம்போடு பேச்சுக் கொடுத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகவே இணைச்சட்டம் 8:3, 6:16, 6:13 ஆகிய மூன்று வசனங்களையும் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். அப்புறம், ஒரு வாரத்துக்கு உங்கள் சோதனை எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்து வையுங்கள். ராத்திரி 11 மணிக்குக் கையில் போனோடு இருக்கும்போதா, சம்பள நாள் சாயங்காலமா, மாமியார் வீட்டுக்குப் போய்வந்த பிறகா? நேரமும் இடமும் தெரிந்துவிட்டால், அந்த வழியாகப் போகாமலே இருக்கலாம். போனை இன்னோர் அறையில் சார்ஜ் போடுவதும் ஆன்மிகம்தான்.

லூக்கா ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். ஏற்ற காலம் வரும்வரை அலகை அவரைவிட்டு அகன்றதாம். ஒருநாள் ஜெயித்துவிட்டால் மறுநாள் சோர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

மூன்றாம் வாரச் சலிப்பு

முதல் வாரத்தின் வேகம் எல்லோருக்கும் தணியும். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், நண்பகல் வேளையில் துறவியைத் தாக்கும் சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். பொழுது ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல் தோன்றுமாம், வேறு எங்காவது போய்விடலாம் என்று மனம் அலையுமாம். இருக்கும் இடத்தை விட்டு எழாமல் பொறுத்திரு என்பதே அவர் சொன்ன மருந்து. நமக்கும் அதே மருந்துதான். செபத்தில் மனம் ஒட்டாவிட்டாலும் அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள்.

தீர்மானத்தை உடைத்துவிட்டீர்களா? அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். "இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பது முதல் சறுக்கலைவிடப் பெரிய சோதனை.

இதற்காகவே வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் போகச் சொல்வேன். இயேசு சிலுவை சுமந்துபோன வழியை நினைத்துச் செய்யும் செபம் அது. 14 நிலைகள். ஒவ்வொன்றிலும் முழந்தாளிட்டு, எழுந்து, பாடிக்கொண்டே அடுத்ததற்கு நகர்வார்கள். செபங்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கோயிலில் புத்தகம் கிடைக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யலாம். அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியக் குழுக்கள் முறைவைத்து நடத்தும் ஊர்களில் புதியவர்களுக்கும் ஒரு நிலையை வாசிக்கக் கொடுப்பார்கள், தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று, ஏழு, ஒன்பது ஆகிய நிலைகளில் இயேசு கீழே விழுகிறார். ஒரே பாதையில் மூன்று முறை. மூன்று முறையும் எழுந்து நடக்கிறார். விழுந்த வாரத்தில் அந்த மூன்று இடங்களிலும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள்.

குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை, உயிர்ப்புக்கு முந்தைய பெரிய வாரக் கூட்டத்துக்குத் தள்ளிப்போடாமல் நான்காம் வாரத்துக்குள் செய்துவிடுங்கள். முதல்முறை என்றால் குருவானவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், அவரே வழிநடத்துவார்.

கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்

இனி சாட்சியத்துக்கு வருகிறேன். பேதுரு விழுந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். உம்மோடு சாகவும் தயார் என்று சொன்னவர் அவர். தோட்டத்தில் வாளையும் உருவினார். ஆனால் தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பணிப்பெண் சாதாரணமாகக் கேட்ட கேள்வியில் தடுமாறிப்போனார். நமக்கும் வாளெல்லாம் வரப்போவதில்லை. அலுவலக கேன்டீனில் "என்ன, இன்னைக்கு பிரியாணி வேண்டாமா?" என்று ஒருவர் கேட்பார், அவ்வளவுதான். வயிறு சரியில்லை என்று மழுப்பினால் அது பொய் மட்டுமல்ல, சின்ன மறுதலிப்பும்கூட. "தவக்காலம், வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டேன், நீங்க சாப்பிடுங்க" என்று சிரித்தபடி சொன்னால் போதும். மேலே கேட்டால் மேலே சொல்லலாம். உங்கள் எதிர்நோக்குக்கு விளக்கம் கேட்போருக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் என்று பேதுருவின் முதல் திருமுகமே 3-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. நெருப்பருகே தவறிய அதே பேதுருவின் பெயரில் வந்த திருமுகம் அது.

குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கிறிஸ்தவர் என்றால் இது இன்னும் நுட்பமான விஷயம். அம்மா ஆசையாக ஆட்டுக்கறி சமைத்து வைத்திருக்கும்போது தட்டைத் தள்ளிவிட்டு அவர் மனதை நோகடிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். தவிர்க்க முடியாத விருந்து என்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், தகுந்த காரணம் இருந்தால் விலக்குத் தர அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் நோன்பை மனைவி, கணவர், பிள்ளைகள் மேல் சுமத்தாதீர்கள். மாலை போட்டவர்களையும் ரமலான் நோன்பிருப்பவர்களையும் மதித்துப் பேசுங்கள். 2027-ல் ரமலானும் தவக்காலமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கும். ஒரே மேஜையில் இருவர் பசியோடு உட்கார்ந்திருந்தால் அங்கே நல்ல பேச்சு தானாகவே வரும்.

குடும்பமும் பதவியும் உள்ள ஒருவர், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், எப்படி நின்றார் என்று அறிய தேவசகாயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்த அவர், திருவிதாங்கூர் அரண்மனைச் சேவையில் இருந்தவர். டச்சுத் தளபதி டி லனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-ல் கைதானார். அடி, அவமானம், எருமைமேல் ஏற்றி ஊர்வலம் என்று ஏறக்குறைய மூன்று வருடம். விசுவாசத்தை விட்டுவிட்டால் எல்லாம் முடிந்திருக்கும். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார், அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் இந்தியப் பொதுநிலையினர் அவர். திருமுழுக்கிலிருந்து மரணம் வரை அவருக்குக் கிடைத்தது ஏழு ஆண்டுகூட இல்லை. நீண்ட காலம் கிறிஸ்தவராக இருந்தால்தான் உறுதி வரும் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. தவக்காலத்தில் ஒரு நாள் போய்வரலாம்.

அருளானந்தரின் முடிவும் தவக்காலத்தோடு சேர்ந்ததுதான். அவர் வழியாக மனம் மாறிய தடியத் தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டு மன்னர் சேதுபதிக்கு உறவு. அந்தக் கோபம் அருளானந்தர்மேல் திரும்பியது. ஓரியூருக்குக் கொண்டுபோனார்கள். 1693 பிப்ரவரி 3 அன்று சிறையிலிருந்து கடிதம் எழுதினார், மறுநாள் தலை வெட்டப்பட்டது. அந்த பிப்ரவரி 4 ஒரு சாம்பல் புதன். சாம்பல் புதன் வரக்கூடிய தேதிகளிலேயே அதற்கு முந்தியது கிடையாது.

பெரிய வாரம்

குருத்து ஞாயிறன்று ஓலையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெரிய வியாழன் மாலை பாதம் கழுவும் சடங்கும், அதன்பின் நற்கருணை முன் விழிப்பும் உண்டு. பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது. பாடுகளின் வரலாறு, சிலுவை முத்தி, நற்கருணை. அன்று பல ஊர்களில் கோயிலிலேயே கஞ்சி கொடுப்பார்கள். முடிந்தால் அந்த மூன்று நாளும் விடுப்பு எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் சனி இரவைத் தேர்ந்தெடுங்கள்.

பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்கும், பல பங்குகளில் நள்ளிரவை ஒட்டி. பிள்ளைகளை மாலையில் தூங்கவைத்து எழுப்பிக் கூட்டிவாருங்கள். மெழுகுதிரியும், மெழுகு கையில் வடியாமல் இருக்க ஒரு துண்டு அட்டையும் கொண்டுவாருங்கள். வெளியே தீ மந்திரிப்பதிலிருந்தே இருக்க வேண்டும், அதனால் அரை மணி முன்னதாக வந்துவிடுங்கள். வாசகங்கள் நீளம், உட்கார இடம் பிடித்துக்கொள்ளுங்கள். திருமுழுக்குப் பெறுபவர்கள் ஞானப்பெற்றோருடன் முன்வரிசையில் இருப்பார்கள். அதன்பின் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, திரியை ஏற்றச் சொல்லி, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை நம்புகிறீர்களா என்று குருவானவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். வாய்க்குள் முணுமுணுக்காமல், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.